'இயற்கை' என்று விற்கப்படும் சூக்கோத் அலங்காரப் பெட்டி: ஒரு மதிப்புரை

எருசலேமில் யூதர்களின் பாவப்பரிகார நாளான யோம் கிப்பூர் நோன்பு முடிந்த இரவே பால்கனிகளிலும் முற்றங்களிலும் சுத்தியல் ஓசை கேட்கத் தொடங்கிவிடும். 2025 ஆம் ஆண்டில் நோன்பு அக்டோபர் 2, வியாழக்கிழமை இரவு முடிந்தது. கூடாரப் பண்டிகையாகிய சூக்கோத், அக்டோபர் 6, திங்கட்கிழமை மாலையில் தொடங்கியது. நடுவில் வந்த ஓய்வுநாளான சனிக்கிழமையைக் கழித்துவிட்டால், சூக்கா என்னும் பந்தலைக் கட்டி, அதன்மேல் தழை வேய்ந்து, உள்ளே அலங்காரங்களைத் தொங்கவிடக் கிடைக்கும் நேரம் மிகவும் குறைவு. கெயுலா பகுதியின் கடைத்தெருவில் அந்த நாள்களில் நடைபாதையை அடைத்துக்கொண்டு விற்பனையாகும் ஜிகினாச் சரங்களும் பிளாஸ்டிக் மாதுளைகளும் இந்த அவசரத்தை நம்பியே வருகின்றன. அவற்றில் பல கிறிஸ்துமஸ் மரத்துக்காக வார்க்கப்பட்டவை என்பது பார்த்தாலே தெரியும். வாங்குபவர்களும் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டேதான் வாங்குகிறார்கள்.

இந்த ஜிகினாவுக்கு மாற்று என்று சொல்லிக்கொண்டு, 'சூழலுக்குக் கேடில்லாத அலங்காரங்களை உங்கள் வீட்டிலேயே செய்யுங்கள்' என்ற வாசகத்துடன், ஒரு சிறு நிறுவனம் இணையவழி விற்கும் கைவினைப் பெட்டியைத்தான் இங்கே மதிப்பிடுகிறேன். விலை 149 ஷெக்கல் (இஸ்ரேலிய நாணயம்). நான் இந்நகரில் முதியவர் ஒருவரைப் பராமரிக்கும் பணியில் இருக்கிறேன். அந்த அம்மையாரின் வீட்டுப் பால்கனியில் கட்டும் பந்தலுக்காக அவருடைய பேரன் இதை வரவழைத்தார். கொள்ளுப் பேரப்பிள்ளைகளுடன் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்து, வெட்டி, ஒட்டி, கட்டித் தொங்கவிட்டு, பண்டிகை முடிந்தபின் கழற்றி அடுக்கிய வேலையெல்லாம் பெரும்பாலும் என்னுடையது என்பதால், பெட்டியின் நிறைகுறைகளைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டென்று கருதுகிறேன்.

பெட்டிக்குள் இருந்தவை: ஏழு விளைபொருள்களின் வடிவமும் ஒரு பறவையின் வடிவமும் அச்சிட்ட தடித்த அட்டைகள், காகிதச் சங்கிலிக்கான வண்ணப் பட்டைகள், சணல் நூல் துண்டுகள், 'இயற்கை ஓலை நார்' என்று பெயரிடப்பட்ட பழுப்புநிற நாடா, மரமணிகள், உலர்த்திய ஆரஞ்சு வில்லைகள், விதை பதித்த காகிதம், ஒரு குப்பி வெள்ளைப் பசை, தங்கநிறத் துகள்கள் அடங்கிய சிறு பொட்டலம், 'உஷ்பிசின்' எனப்படும் ஏழு விருந்தினர்களின் பெயர் எழுதிய சுவர்த்தாள். ஆபிரகாம் முதல் தாவீது வரையிலான அந்த முன்னோர்கள் நாளுக்கொருவராகப் பந்தலுக்கு விருந்துக்கு வருகிறார்கள் என்பது ஐதீகம். கோதுமை, வாற்கோதுமை, திராட்சை, அத்தி, மாதுளை, ஒலிவம், பேரீச்சை என்று பைபிளின் உபாகம நூலில் வரும் ஏழு விளைபொருள்களையும் அட்டையில் வரைந்த ஓவியர் நல்ல கைத்திறன் உள்ளவர். மாதுளையின் கிரீடம் போன்ற நுனியைக் குழந்தைகள் கத்தரிக்கோலால் வெட்டத் தோதாகப் போதுமான இடம் விட்டு வரைந்திருந்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஆனால், ஒவ்வொரு பொருளும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் வந்தது. சூழல் நலம் பேசும் பெட்டிக்கு இது முதல் கோணல். அடுத்து, பெயரையும் பொருளையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சமையலறையிலேயே செய்யக்கூடிய சில சோதனைகள் உண்டு. நாடாவில் ஒரு விரற்கடை வெட்டி, இடுக்கியால் பிடித்து, நெருப்பில் காட்டினேன். தாவர நார் என்றால் காகிதம் எரியும் வாசனையுடன் எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். இந்த நாடாவோ சுருண்டு, உருகி, நுனியில் கறுத்த கெட்டியான மணியாகத் திரண்டது. மெழுகுவர்த்தியை அணைத்தபோது வருவது போன்ற நெடியும் வந்தது. ஓலை நார் என்ற பெயரில் வந்தது பிளாஸ்டிக் நாடா என்பதில் அதற்குமேல் ஐயமில்லை. சணல் நூல் அதே சோதனையில் உண்மையான சணலாகவே தேறியது. அட்டையின் ஓரத்தைக் கிழித்துப் பார்த்தபோது மேற்பரப்பில் மெல்லிய ஏடு ஒன்று தனியாக உரிந்து வந்தது; அதாவது, பனியில் நனையாமல் இருக்கப் பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட அட்டை காகிதத் தொட்டிக்கும் உதவாது, மட்கவும் மட்காது. தங்கத் துகள்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவை உலோகம் பூசிய பிளாஸ்டிக் படலத்தின் நுண்துண்டுகள். தளர்வான பிளாஸ்டிக் மினுக்குத் துகள்களின் விற்பனையை ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரிலேயே கட்டுப்படுத்தத் தொடங்கிவிட்ட நிலையில், அதே பொருளை இயற்கை என்று எழுதிய பெட்டிக்குள் வைத்திருப்பது கவனக்குறைவா துணிச்சலா என்று தெரியவில்லை. அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காமலே எடுத்து வைத்துவிட்டேன்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அது சூழல் பற்றியதன்று, பண்டிகையைப் பற்றியது. பெட்டியிலிருந்த நூல்கள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் நீளத்துக்கு முன்கூட்டியே நறுக்கப்பட்டிருந்தன. செய்முறைத் தாளின் படத்திலும் மரமணிகளும் ஆரஞ்சு வில்லைகளும் சாப்பாட்டு மேசைக்குச் சற்று மேலே வரை அழகாகத் தாழ்ந்து தொங்கின. பேரன் அதைப் பார்த்த மாத்திரத்தில் கத்தரிக்கோலைக் கேட்டார். பந்தலின் தழைக்கூரையிலிருந்து தொங்கும் அலங்காரங்கள் கூரைக்கு நான்கு கையகலத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பேணி வரப்படும் வழக்கம். யூத மதச் சட்ட நூலான தல்மூதில் சூக்கா என்ற பெயரிலேயே உள்ள பகுதியில் அறிஞர்கள் இதைப்பற்றிக் கருத்து வேறுபட்டு வாதிட்டிருக்கிறார்கள். நான்கு கையகலத்துக்குக் கீழே தொங்குவது கூரையின் அங்கமாகக் கருதப்படாமல் தனிப் பொருளாகிவிடும் என்பது ஒரு சாராரின் வாதம். கையகலத்தை 8 சென்டிமீட்டர் என்று கணக்கிட்டால் 32 சென்டிமீட்டர் ஆகிறது. 10 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக அளப்பவர்களும் இருக்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும், நூல், முடிச்சு, தொங்கும் பொருள் ஆகிய எல்லாம் சேர்ந்து 30 சென்டிமீட்டருக்குள் அடங்கினால் யாருக்கும் சங்கடமில்லை. காகிதச் சங்கிலியை இருபுறமும் கட்டும்போது நடுவில் விழும் தொய்வையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். சுவரில் மாட்டுபவற்றுக்கு இந்த வரம்பு இல்லை. சூக்கோத்துக்கென்றே பொருள் தயாரிப்பவர்கள் இதை ஒரு வரியிலாவது எழுதியிருக்க வேண்டும்.

அதே தல்மூதுப் பகுதி அந்தக் காலத்துப் பந்தல் அலங்காரங்களையும் வரிசைப்படுத்துகிறது: வண்ணத் துணிகள், சித்திர வேலைப்பாடுள்ள விரிப்புகள், கொட்டைகள், பாதாம், பீச், மாதுளை, திராட்சைக் குலைகள், தானியக் கதிர்களால் முடைந்த வளையங்கள், திராட்சை மது, எண்ணெய், மாவு. குப்பைத் தொட்டிக்குப் போக வேண்டிய ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை. அலங்காரமாகத் தொங்கவிட்டவற்றைப் பண்டிகையின் கடைசி நாள் கழியும் வரை எடுத்து உண்ணக்கூடாது என்ற விதியும் அங்கேயே இருக்கிறது. ஆகவே பேரீச்சங்குலையையோ திராட்சையையோ கட்டுபவர்கள் அவை குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது நல்லது. குளவிகள் விதி எதையும் பார்ப்பதில்லை. பழுத்த திராட்சையைத் தொங்கவிட்ட பக்கத்து வீட்டுப் பந்தலில் பகல் உணவையே அவசர அவசரமாக முடிக்க வேண்டியிருந்தது.

இனி, பெட்டியின் பொருள்கள் திறந்த வெளியில் எப்படித் தாக்குப்பிடித்தன என்பதற்கு வருகிறேன். அக்டோபர் தொடக்கத்தில் இங்கே பெரும்பாலும் மழை இருக்காது. பண்டிகை நாள்களில் மழை பெய்வதை, எசமானுக்குக் கோப்பையில் மது கலந்து கொடுக்க வந்த வேலைக்காரனின் முகத்திலேயே எசமான் குடத்து நீரைக் கொட்டிவிடுவதற்கு ஒப்பிட்டு, தல்மூதின் அடிப்படை நூலான மிஷ்னா வருத்தத்தோடு பேசுகிறது. ஆனால் மலைமேல் இருக்கும் இந்த ஊரில் இரவுப் பனி உண்டு, மாலைக் காற்றும் உண்டு. பெட்டியில் வந்த ஆரஞ்சு வில்லைகள் அரைகுறையாக உலர்த்தப்பட்டிருந்தன. பனி பட்டதும் பிசுபிசுத்து, எறும்பு ஏறி, ஓரங்களில் பூஞ்சை பூத்தன. வெள்ளைப் பசையால் ஒட்டிய சங்கிலியோ அசையாமல் நின்றது. அந்தப் பசையும் செயற்கைப் பொருள்தான் என்றாலும், உறுதியில் குறை சொல்ல முடியாது. உறுதி இங்கே வெறும் வசதி மட்டுமன்று. ஓய்வுநாளிலும் பண்டிகையில் வேலை விலக்கப்பட்ட திருநாளிலும் புதிதாக முடிச்சுப் போடக்கூடாது. அறுந்து விழுந்த அலங்காரத்தை எடுத்து மாட்டவும் கூடாது. திங்கட்கிழமை இரவு விழுந்தது செவ்வாய்க்கிழமை இருட்டும் வரை விழுந்த இடத்திலேயே கிடக்க வேண்டும். முடிச்சு வழுக்கிய மரமணிச் சரம் ஒன்று அப்படிக் கிடந்ததும், வயதானவர் கால்பட்டு இடறிவிடாதபடி அதன்மேல் நான் நாற்காலியைப் போட்டு வைத்ததும் நடந்தன.

பெட்டியில் ஏமாற்றியவற்றுக்கு ஈடாக வீட்டிலேயே செய்தவைதான் பந்தலை நிறைத்தன. ஆரஞ்சு, எலுமிச்சை வில்லைகளை 5 மில்லிமீட்டர் கனத்துக்கு மேற்படாமல் நறுக்கி, துணியால் ஒற்றி ஈரமெடுத்து, செப்டம்பர் வெயிலில் வலைத்துணியின் கீழ் காயவைத்தால், வளைத்தால் ஒடியும் பதத்துக்கு வந்துவிடும். மொட்டை மாடியில் வற்றல் போட்டுப் பழகிய எவருக்கும் இந்தப் பதம் கைக்குத் தெரியும். அடுப்பில் செய்ய வேண்டுமானால் 90 முதல் 100 டிகிரி வரையிலான சூட்டில் ஏறத்தாழ நான்கு மணி நேரம், நடுவில் ஒருமுறை திருப்பிப் போட்டு உலர்த்த வேண்டும். ஆனால் அதற்குச் செலவாகும் மின்சாரத்தை நினைத்தால் வெயிலே மேல். முழு மாதுளை உலர வாரக்கணக்கில் ஆகும் என்பதால் அதை யோம் கிப்பூருக்குப் பிறகு தொடங்கிப் பயனில்லை. அதற்கு முன்பே வரும் யூதப் புத்தாண்டுக்கு வாங்கும் மாதுளைகளில் சிறியவற்றை முன்பே எடுத்து வைப்பதுதான் வழி. புதிய பழங்களையே தொங்கவிட விரும்புகிறவர்கள் மேற்குக் கரையிலுள்ள கெரிசீம் மலையில் வாழும் சமாரியர்கள் என்ற சிறு சமயக் குழுவினரின் பந்தலைப் பார்க்க வேண்டும். அவர்கள் வீட்டுக்குள்ளேயே, விட்டத்தின் கீழ், மாதுளையும் ஆப்பிளும் எலுமிச்சையும் நெருக்கமாகக் கோத்து, கோலமிட்டது போன்ற வடிவங்களில் நூற்றுக்கணக்கான கிலோ எடையில் ஒரு பழக்கூரையே அமைத்துவிடுகிறார்கள். அங்கே பனி இல்லை. பால்கனியில் அது நடக்காது.

காகிதச் சங்கிலிக்குப் பசையே தேவையில்லை. பழைய செய்தித்தாளையோ உறைத் தாளையோ இரண்டு விரல் அகலப் பட்டைகளாக வெட்டி, ஒரு முனையில் மேலிருந்து பாதி அகலத்துக்கும், மறுமுனையில் கீழிருந்து பாதி அகலத்துக்கும் ஒரு கீறல் போட்டு, இரண்டு கீறல்களையும் ஒன்றுக்குள் ஒன்று கோத்தால் வளையம் நிற்கும். நம் ஊரில் சுவரொட்டி ஒட்டும் மைதாப் பசையை நானும் காய்ச்சிப் பார்த்தேன். நன்றாக ஒட்டுகிறது, ஆனால் எறும்பு விடுவதில்லை, எறும்பைத் தடுக்க மயில்துத்தம் கலக்கும் வழக்கம் குழந்தைகள் கைபடும் பொருளுக்கு ஆகாது. பனிக்குத் தேன்மெழுகுதான் மருந்து. 65 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும் அதை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்த கிண்ணத்தில் உருக்கி, தூரிகையால் காகிதத்தின் இருபுறமும் மெல்லப் பூசினால், பனித்துளி முத்தாக நின்று உருண்டு விழும். மெழுகு பூசிய தாள் காகித மறுசுழற்சிக்குப் போகாது, ஆனால் மட்கிவிடும். அது எளிதில் தீப்பற்றும் என்பதால், பண்டிகை விளக்கு ஏற்றும் இடத்திலிருந்து தள்ளியே தொங்கவிட வேண்டும்.

நிறத்துக்கு வெங்காயத் தோலையும் மாதுளை ஓட்டையும் கொதிக்கவைத்த சாயநீர் போதும். மாதுளை ஓட்டின் மஞ்சள் கலந்த பழுப்பு வெயிலில் நிற்கிறது. அதில் இரண்டு துருப்பிடித்த ஆணிகளைப் போட்டு ஊறவைத்தால் சாம்பல்நிறம் கிடைக்கும். மஞ்சள் தூள் நிறம் கண்ணைப் பறிக்கும், ஆனால் வெயில் அதைச் சீக்கிரமே தின்றுவிடும், பீட்ரூட்டும் அப்படித்தான். அழகுக்காகக் காட்டுப் பூக்களைப் பறிக்க நினைப்பவர்களுக்கு ஒன்று: கோடை முடிவில் சாலையோரங்களில் ஆளுயரத்துக்கு வெள்ளையாகப் பூத்து நிற்கும் கடல் வெங்காயப் பூந்தண்டு இந்நாட்டில் பாதுகாக்கப்பட்ட தாவரம், அதைத் தொடக்கூடாது.

பெட்டியில் இருந்த அட்டைப் பறவைதான் எதிர்பாராத ஒரு வேலைக்குத் தூண்டியது. பெற்றோர் போலந்திலிருந்து வந்தவரான அம்மையார் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பந்தல் பறவையை முட்டையில் செய்வார்கள், அட்டையில் யார் செய்வார்கள்?" என்றார். கிழக்கு ஐரோப்பிய யூதர்களிடையே முட்டை ஓட்டைப் பறவையாக்கிச் சூக்காவில் தொங்கவிடும் வழக்கம் உண்மையிலேயே இருந்தது. மடிப்பு மடிப்பாக மடித்த காகிதமே அதற்குச் சிறகும் வாலும். அவர் சொல்லச் சொல்லச் செய்தோம். முட்டையின் இரு முனைகளிலும் தடித்த ஊசியால் துளையிட்டு, ஒரு துளையைச் சற்றுப் பெரிதாக்கி, ஊசியை உள்ளே விட்டு மஞ்சள் கருவைக் கலக்கிவிட்ட பிறகு, சிறிய துளை வழியே ஊதினால் எல்லாம் கிண்ணத்தில் இறங்கிவிடும். அது மறுநாள் காலை ஆம்லெட் ஆகும். ஓட்டை நீர்விட்டு அலசிக் கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். தொங்கவிடும் நூலை ஓட்டில் ஒட்டினால் நிற்பதில்லை. பாதியாக ஒடித்த தீக்குச்சியின் நடுவில் நூலைக் கட்டி, முதுகில் போட்ட சிறு துளை வழியே குச்சியை நெட்டுக்குத்தாக உள்ளே தள்ளி, நூலை மெல்ல இழுத்தால் குச்சி உள்ளே குறுக்கே படுத்துக்கொண்டு பிடித்துக்கொள்ளும். விசிறி மடிப்பாக மடித்த காகிதத்தின் நடுவைக் கிள்ளி, இரு பக்கங்களிலும் சிறகாகத் தேன்மெழுகுப் பொட்டால் பதிக்கலாம். தலையை முதலில் உப்பு மாவில் உருட்டினோம். உப்பு ஈரத்தை இழுத்துக்கொள்வதால் முதல் இரவிலேயே அது குழைந்துவிட்டது. பிறகு அதையும் தேன்மெழுகிலேயே உருட்டிவிட்டோம். எடையே இல்லாத இந்தப் பறவை, சிறு காற்றுக்கும் தானாகத் திரும்புகிறது; 149 ஷெக்கல் பெட்டியில் இருந்த எதையும்விட அதிக நேரம் எல்லோரும் அண்ணாந்து பார்த்தது இதைத்தான்.

பண்டிகைக்குப் பிந்திய நிலையையும் சொல்ல வேண்டும். விதைக் காகிதம் பெட்டியின் நல்ல பகுதி. பண்டிகை முடிந்து முதல் மழை வரும் பருவம் விதைப்புக்கு ஏற்றது, தொட்டியில் நனைத்துப் பதித்ததில் கொத்தமல்லி முளைத்தது. விருந்தினர் சுவர்த்தாளில் வேத வசனங்கள் அச்சிடப்பட்டிருந்ததால் அதைச் சாதாரணக் குப்பையில் போட முடியாது. புனித எழுத்துகளைச் சேர்த்துப் புதைக்கும் கெனிசாப் பெட்டியில்தான் சேர்க்க வேண்டும். அதன்மேலும் பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருப்பதால் மண்ணில் அது எந்தக் காலத்தில் மட்கும் என்பதைத் தயாரித்தவர்கள்தான் சொல்ல வேண்டும். மறுபுறம், ஆண்டுதோறும் எடுத்து மாட்டுவதும் சூழலுக்கு உகந்ததே. இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் தென் ஜெர்மனியின் பிஷாஹ் என்ற ஊரிலிருந்து வந்த 19 ஆம் நூற்றாண்டுச் சூக்கா ஒன்று இருக்கிறது. எருசலேமின் காட்சியைப் பலகைச் சுவரிலேயே தீட்டியிருப்பதால் அதற்கு வேறு அலங்காரமே தேவைப்பட்டிருக்காது. அந்தக் கண்ணோட்டத்தில் மரமணிகளும் சணலும் பாராட்டுக்குரியவை. துடைத்துத் துணிப்பையில் கட்டி வைத்திருக்கிறேன், பல ஆண்டு உழைக்கும்.

ஆக, கைவேலைக்கு நேரமே இல்லாத, சிறு குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இந்தப் பெட்டி ஒரு மாலைப்பொழுதை நன்றாக நிரப்பும். வெட்டும் கோடுகள் தெளிவாக உள்ளன, செய்முறைத் தாள் புரியும்படி இருக்கிறது, பெட்டியும் சொன்ன நாளில் வந்தது. இயற்கை என்ற சொல்லை நம்பி வாங்குபவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். நாடா, துகள், அட்டைப் படலம் ஆகிய மூன்றையும் மாற்றாதவரை அந்தச் சொல்லைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுவதே நேர்மை. நெருப்புச் சோதனையின் படத்தோடு விற்பனையாளருக்கு எழுதிக் கேட்டதற்கு, நாடாவைத் தாங்களும் வெளியிலிருந்து வாங்குவதாகவும் அடுத்த ஆண்டு விசாரிப்பதாகவும் பதில் வந்தது. மரமணி, சணல், விதைக் காகிதம் ஆகியவற்றை மட்டும் தனியாக விற்பீர்களா என்று கேட்டதற்கு இல்லை என்றார்கள். 2026 இல் பண்டிகை செப்டம்பர் 25, வெள்ளிக்கிழமை மாலையே தொடங்கிவிடுவதால், பழம் உலர்த்த விரும்புகிறவர்கள் ஆகஸ்ட் கடைசி வெயிலையே பயன்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.